வெல்வெட் ரோடு

என் அண்ணனுக்குக் கண் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வாய் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவன் பஸ் ஓட்டியவன். தெருவில் போகிற நாயைக்கூட நலம் விசாரித்துவிட்டுத்தான் ஹாரன் அடிப்பான் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்துவிட்டு, "கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!" என்று கூவுவான். இறங்க அங்கே அவனைத் தவிர யார் இருக்கிறார்கள்? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் வீட்டில் யானையும் மணியும் ஒன்றாகத்தான் வரும்.

வீடு முதல் மாடியில், என் தையல் கடை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர்தான் குடும்பம். அவன் கூவல் படிக்கட்டு வழியாக இறங்கி, என் மெஷின் சத்தத்தையும் தாண்டி வந்து காதைப் பிடிக்கும். "ஏய் கத்திரி, கடையச் சாத்திட்டு மேல வா, பசிக்குது!" கத்திரி என்பது நான்தான். கையில் இருக்கிற கத்திரிக்காக வைத்த பேர் என்று நான் சொல்லிக்கொள்வேன். நாக்குக்காக வைத்தது என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போனது. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போயிற்று. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவன் தன் யூனிஃபார்மை உருட்டி அண்ணி கையில் கொடுத்து, "குப்பையில போடு" என்றான். பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், எழுந்திருக்கவே இல்லை. பாத்ரூமுக்குப் போக அண்ணி கை வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்றால் "ம்." ரேடியோ போடட்டுமா என்றால் "ம்ஹூம்." ஒரு குடும்பம் இந்த இரண்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓடும்?

வெள்ளைக் கோல் ஒன்று வாங்கி வந்தோம். அது கதவுக்குப் பின்னால் நின்று தூசி பிடித்தது. கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிறேன் என்றாலும் வர மாட்டான். "நாலு பேர் பாக்க என்னை இழுத்துட்டுப் போகணுமா? பஸ் முழுக்க ஜனத்த ஏத்திட்டுப் போனவன்டி நான்." அதற்குமேல் நான் என்ன பேச? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவனிடம் நாலாவது காலைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

அண்ணி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அவனுக்காக லீவ் போட்டு, அதை நீட்டி, மறுபடி நீட்டி, கடைசியில் தலைமை நர்ஸே போன் செய்துவிட்டார். திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். போனை வைத்துவிட்டு அண்ணி அடுப்படியில் நின்றாள். அந்த வார்டு அவளுக்கு உயிர். ஊசிக்குப் பயந்து அலறுகிற குழந்தையைச் சிரிக்க வைத்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

"வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். இவர இங்க தனியா விட்டுட்டு எனக்கு அங்க கை ஓடாது. கண்ணு மங்க ஆரம்பிச்சப்பவே டீ போடப்போய்க் கையச் சுட்டுக்கிட்டாரே, மறந்துட்டியா?"

"பகல்ல என் கடைக்கு வந்து உக்காரட்டும் அண்ணி. என் கண்ணு முன்னாடி இருப்பானே."

"வெளியில போக யார் கையையும் பிடிக்க மாட்டேங்கறாரே. தானா எப்படி வருவாரு?"

தானாக வர வேண்டும். திங்கட்கிழமைக்குள். வந்தால் அண்ணிக்கு வேலை இருக்கும். வராவிட்டால் இரண்டு பேரும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிழமாக வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு யாரையாவது நாலு அறை அறையலாம் போலிருந்தது.

வழி காட்டியது அந்த நாற்காலிதான். அதன் கைப்பிடி கிழிந்துபோனபோது ஒரு துண்டு வெல்வெட்டை வைத்துத் தைத்திருந்தேன். நாடகக் கொட்டகைக்குத் திரை தைத்ததில் மிஞ்சிய கருநீலத் துணி, மூட்டை மூட்டையாகக் கடையில் கிடந்தது. மறுநாள் அண்ணனுக்குக் காப்பி கொடுக்கப் போனேன். அவன் கட்டைவிரல் அந்தத் துண்டின்மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் போனா வழுக்குது, அந்தப் பக்கம் போனா முறைக்குது" என்றான்.

மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து கோபமில்லாமல் வந்த முதல் முழு வாக்கியம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தையல்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வெல்வெட்டுக்கு ரோமம் உண்டு. அது படிகிற பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் விரலைத் தடுக்கும். அவன் சொன்ன மாதிரி, முறைக்கும். அப்படியே ஓடிப்போய் அண்ணியைப் பிடித்தேன்.

"அண்ணி, சுவத்துல ரோடு போடறோம்!"

பழைய கடைப் படுதாவைக் கையகலப் பட்டையாக வெட்டினேன். அதன்மேல் வெல்வெட் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தேன். வீட்டுக் கதவில் தொடங்கி, மாடி நடைவழி, படிக்கட்டு, கீழ் நடை, என் கடை வாசல் வரைக்கும். போக ஒரு சுவர், வர எதிர்ச்சுவர், எந்தப் பக்கம் நடந்தாலும் வலது கை சுவரில் இருக்கும்படி. கடைக்குப் போனால் வழுக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பினால் முறைக்க வேண்டும். இது ஒன்றுதான் விதி. எங்கள் கதவுக்கு ஜீன்ஸ் துண்டு. பக்கத்து வீட்டுக் கதவு வந்தால் பட்டன் வரிசை. மாடிப்படிக்கு முன்னால் முரட்டுத் தேங்காய்நார்க் கயிறு. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கம்பளி நூல் முடிச்சு. சும்மா தைத்தால் எனக்குத் தூக்கம் வராதே, இடையிடையே சாக்குத்துணியில் இலையும், பின்னல் லேஸில் பூவும், பிரித்த பட்டு நூலில் குஞ்சமும் வைத்தேன். கண் தெரிகிறவர்களுக்கும் பார்க்க அழகாக இருக்கட்டுமே!

அண்ணியும் கூட உட்கார்ந்தாள். நூல் கோக்கவே பாதி மத்தியானம் ஆயிற்று. "எனக்கு ஊசி போட்டுத்தான் பழக்கம், கோத்துப் பழக்கம் இல்ல" என்றாள். அப்படிச் சொன்னாலும் பட்டனை அவள் தைத்தால் அது பிறந்தபோதே அங்கே முளைத்த மாதிரி நிற்கும்.

பட்டைகளைச் சுவரில் ஒட்டும்போது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். தொழிலை விட்டாலும் அடுத்தவர் வாயைப் பிடுங்குவதை விடாத மனிதர்.

"என்னம்மா, சுவரெல்லாம் கந்தல்?"

"கந்தலானாலும் கசக்கிக் கட்டுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க டாக்டர். நான் சுவத்துக்குக் கட்டறேன். பின்னாடி ஒட்டுப்பட்டைதான், பிய்ச்சா வந்துடும். சுண்ணாம்பு உதிராது. போதுமா?"

கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், மனிதர் கையைப் பின்னால் கட்டிய மாதிரி சுவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, ஒரு விரலால் வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் கடைசிப் பட்டைகளைத் தைக்கும்போது அண்ணி மனம் மறுபடி ஆடிவிட்டது. "இதெல்லாம் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கு. அவருக்கு இன்னும் அவமானம் ஆகிடப்போகுது. நான் பேசாம எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுதுங்க! ரெண்டு பேரும் அந்த நாற்காலியிலயே ஒண்ணா உக்காருங்க, மேல ஒரு உறையும் தைச்சுப் போடறேன்!" என்று கத்திக்கொண்டே மெஷினை மிதித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானமே அண்ணனைக் கிளப்பினோம். எப்படிக் கிளப்பினோம் என்று கேட்காதீர்கள். அண்ணி கெஞ்சினாள், நான் திட்டினேன், இரண்டுக்கும் நடுவில் அவனுக்கே கொஞ்சம் ஆசையும் இருந்திருக்கும். "தொட மாட்டோம், பேசவும் மாட்டோம்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எழுந்தான். ஜீன்ஸைத் தொட்டான். வெல்வெட்டுக்கு வந்தான். "வழுக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். பல் டாக்டர் வீட்டுப் பட்டன்களைத் தாண்டினான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற அளவுக்கு.

நடையின் நடுவில் லிஃப்ட் இருக்கிறது. பழுதாகவே பிறந்த லிஃப்ட். அதன் முன்னால் சுவர் விட்டுப்போகும், நாலைந்து அடி வெறுங்கையோடு கடந்து மறுபடி சுவரைப் பிடிக்க வேண்டும். கையை நீட்டியபடி கடந்தான். சுவரையும் பிடித்துவிட்டான். விரலை ஓட்டினான், நின்றான்.

"முறைக்குதே" என்றான்.

வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டோம் என்று நினைத்து, மெல்லத் திரும்பி, கையை நீட்டி எதிர்ச்சுவரைத் தேடிப் பிடித்தான். அது வீட்டுக்கு வருகிற சுவர். அதுவும் முறைத்தது. மறுபடி திரும்பினான். மறுபடி முறைத்தது. நடையின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை.

"எங்க நிக்கிறேன்? ஏய், நான் எங்க நிக்கிறேன்?"

அண்ணி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார வைத்ததும், "அந்த ரோட்டுல ஏதோ தப்பு இருக்கு" என்று முனகினான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? விரலெல்லாம் ஊசி குத்தி, இடுப்பு ஒடிந்து, அதற்குமேல் என் வேலையில் தப்பு என்கிறான்! "ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் அப்படியே அணைந்துபோயிற்று. "சரிதான். எனக்குத்தான் திக்கு தெரியல. அதுவும் போயிடுச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போட வேண்டிய வெள்ளை உடையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். பெட்டியை மூடுகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் நடைக்கு வந்துவிட்டேன். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதே கோபத்தில் சுவரைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கருநீலம், அதிலும் மங்கலான நடை. சரி என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீட்டுக் கதவிலிருந்து நானே கிளம்பினேன். ஜீன்ஸ், வழுக்கல், பட்டன், வழுக்கல், லிஃப்ட். வெறுங்கையோடு கடந்தேன். சுவரைப் பிடித்தேன். முறைத்தது. ஐயோ, திரும்பிவிட்டேனே என்று திரும்பி நடந்து எதிர்ச்சுவரைப் பிடித்தேன், அதுவும் முறைத்தது. மறுபடி திரும்பியதில் யார் மேலோ மோதினேன். கண்ணைத் திறந்தால் பல் டாக்டர்.

"உனக்கென்னம்மா ஆச்சு?"

நான் லிஃப்டைத் தாண்டியிருந்த பட்டையைப் பிய்த்துத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ரோமம் எந்தப் பக்கம் என்று பட்டையின் பின்னால் சாக்பீஸில் அம்புக்குறி போட்டுத்தான் தைப்பேன். இந்தப் பட்டையில் எல்லா அம்பும் வீட்டைப் பார்த்து நின்றன. அண்ணியிடம் கத்திக்கொண்டே மிதித்தேனே, அந்தப் பட்டை. வெல்வெட்டைத் தலைகீழாகத் தைக்கக் கூடாது என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஓடிப்போய் அந்தப் பட்டையை அவன் மடியில் போட்டேன். "அண்ணா, தடவிப் பாரு. தலைகீழாத் தைச்சிருக்கேன். நான்தான். கூடம் நிஜமாவே கோணல்."

அவன் தடவினான். இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை.

"அப்ப நான் தப்பாத் திரும்பலையா?"

"இல்லண்ணா. நீ சரியாத்தான் படிச்சே. நானும் கண்ண மூடிட்டுப் போய்ப் பாத்தேன், அதே எடத்துல நானும் தொலைஞ்சு போயிட்டேன். ரோடுதான் தப்பு."

"டிரைவர் தப்பு இல்ல?"

"டிரைவர் தப்பே இல்ல."

பட்டையை மடியில் வைத்து இன்னொரு தடவை தடவினான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறி அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். பார்த்தால் சிரிக்கிறான்.

"ரோடு போட்ட என்ஜினியர் யாரு? கூப்பிடு அவள! வேலைய விட்டுத் தூக்கணும்!"

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நிற்க நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் சொன்னான், நாங்கள் தைத்தோம். லிஃப்ட் முன்னால் வெறும் இடம் கூடாது, லிஃப்டுக்கு இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்கு இடுப்பு உயரத்தில் ஒரு பின்னல் கயிறு கட்டு என்றான். திருப்பம் வருகிற இடத்துக்கு முன்னால் சாக்குத்துணி, அது வேகத்தடையாம். லேஸ் பூவெல்லாம் எதற்கு என்றான். அழகுக்கு என்றேன். சரி, பார்க் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தான். பல் டாக்டர் கதவோரம் ஒரு ஜிப் வைக்கச் சொன்னான். எதற்கு என்றதற்கு, "அவர் வாய மூடத்தான்" என்றான். உள்ளேயிருந்து டாக்டர் இருமினார்.

தலைகீழ்ப் பட்டையைப் பிரித்துத் தைக்கப்போனேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"அதப் பிரிக்காத. படிக்கட்டுக்கு முன்னாடி, கயித்துக்குப் பக்கத்துல ஒட்டு. இத்தன தூரம் வழுக்கிட்டு வந்தது திடீர்னு முறைச்சா, என் கால் தானா பிரேக் போடும். கயிறு ஒண்ணுதான் இருந்தா நான் எங்கயாவது பேச்சு சுவாரஸ்யத்துல தாண்டிடுவேன்."

பேச்சு சுவாரஸ்யமாம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணி பெட்டியைத் திறந்து வெள்ளை உடையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

கடைசியில் அவன் கேட்காத ஒரு வேலையை நானாகச் செய்தேன். அவன் குப்பையில் போடச் சொன்ன யூனிஃபார்ம் என் துண்டுத்துணி மூட்டையில்தான் இருந்தது. போட மனம் வராமல் அண்ணி என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். அதன் சட்டைப் பையை வெட்டி எடுத்து, கடை வாசலில் ரோடு முடிகிற இடத்தில் வைத்துத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் அண்ணி கிளம்பிவிட்டாள். கிளம்பினாள் என்றுதான் பேர். கீழே கடை வாசலில் நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போங்க அண்ணி, பஸ்ஸ விட்டுடுவீங்க" என்று தள்ளாத குறையாக அனுப்பினேன். அவன் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: யாரும் மேலே வரக் கூடாது, படிக்கட்டைப் பார்க்கவும் கூடாது. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை வைத்தேன். வலது கையை இடது தோளில் தைத்துவிட்டுப் பிரித்தேன். மறுபடி அப்படியே தைத்தேன்.

அண்ணி வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு, மேலே கதவு திறந்து சாத்துகிற சத்தம். செருப்பு இல்லை, ஷூ. டக், டக். பல் டாக்டர் ஏதோ சொல்வதும், இவன் "வண்டி ஓடும்போது டிரைவரோட பேசக் கூடாது" என்பதும் கேட்டது. பிறகு லிஃப்ட் பக்கம். பிறகு ஷூ சத்தம் நின்றது.

படிக்கட்டின் மேல்படி. சத்தமே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிட நாக்கு துடித்தது, பல்லால் கடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் திட்டினேன்.

டக். முதல் படி. அடுத்தது. கம்பளி முடிச்சு ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து இறங்குகிறான். கீழ் நடைக்கு வந்துவிட்டான். கை சுவரில் சரசரவென்று உரசிக்கொண்டு வருவது கேட்டது. இனிமேல் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினேன்.

வாசலுக்கு வந்த கை சட்டைப் பையில் பட்டதும் நின்றது. தையலைத் தடவினான். பட்டனைத் தொட்டான். ஓரம் உடைந்த பட்டன், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் திருகித் திருகியே உடைத்தது. பட்டனைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான். விட்டவன் அப்படியே நின்றான்.

"கத்திரி, இது என் சட்டை."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் ஆயுசில் முதல் தடவை. "ம்" என்றேன். அவன் மாதிரியே.

அவன் கையை எடுத்தான். மூச்சை நன்றாக இழுத்தான். பிறகு, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூவல்.

"கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!"

அதே நேரம் என் போன் அடித்தது. அண்ணி. பின்னால் ஏதோ ஒரு குழந்தை வீல் என்று அலறிக்கொண்டிருந்தது. "வந்துட்டாரா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்ததால் போனை அவன் கையில் கொடுத்தேன்.

"வந்தாச்சு, வந்தாச்சு. மேல்படியில கொஞ்சம் டிராஃபிக், அதான் லேட். நீ அந்தக் குழந்தைய மொதல்ல பாரு, கத்துதே" என்றான்.

போனை வைத்துவிட்டு, தட்டுத் தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். எப்போதும் போல மூலையில் எறிந்தான். அது நேராகப் போய், நான் துவைத்து மடித்து வைத்திருந்த வாடிக்கையாளர் வெள்ளைத் துணி மேல் விழுந்தது.

அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.